மோட்டார் கொட்டகையின் சாவி

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "மோட்டார் ஓடலை" என்று வந்து சொல்லிவிட்டால் அத்தோடு அவள் பங்கு முடிந்தது. மற்றதை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஓடாமல் இருப்பதில் பல விதம் உண்டு. பச்சைப் பொத்தானை அழுத்தினால் சத்தமே வராமல் இருக்கலாம். அழுத்தியிருக்கும்வரை ஓடி, விரலை எடுத்ததும் நின்றுவிடலாம். ஸ்டார்ட்டர் பெட்டி 'டர்ர்ர்' என்று அதிரலாம். மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கலாம். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் தானாக அடங்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு. எல்லாவற்றையும் முதலில் காதால் கேட்பவள் மடை திருப்பிக்கொண்டு கரும்புக்குள் நிற்கிறவள்தான். தண்ணீர் குறைவது அவள் காலுக்குத் தெரியும். அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேயே இருப்பதால் சுற்றிலும் கரும்புதான். பத்துப் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும் பயிர். கோடையில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் கணு குறுகிப்போகும். எங்களுக்கு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு போர்வெல். அதற்குள் ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். ('ஏழரை' என்ற எண்ணை வைத்து ஊரில் நடக்கும் கேலியை இங்கே எழுதப்போவதில்லை.) 1990இல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமானது. கட்டணம் இல்லை என்றாலும் நேரம் இருந்தது. பல ஆண்டுகள் மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்றுதான் வந்தது. அந்த நேரத்துக்குள் பாய்ச்சியாக வேண்டும்.

அப்பா இறந்த பிறகு நிலத்தைப் பார்த்தது அம்மா. நாற்று, உரம், ஆள்கூலி, வெட்டு உத்தரவு எல்லாம் அவள் பொறுப்பு. மோட்டார் கொட்டகையின் சாவி மட்டும் சித்தப்பா வீட்டு ஆணியில் தொங்கியது. எவரும் அப்படித் தீர்மானம் போடவில்லை. "உனக்கெதுக்கும்மா கரண்டு வேலை" என்ற பரிவான வார்த்தை ஒன்றே போதுமாக இருந்தது. கோளாறு வந்தால் அம்மா முதலில் சித்தப்பாவிடம் சொல்வாள். அவர் மெக்கானிக்குக்கு போன் போடுவார். மெக்கானிக் அன்று வரலாம், மூன்றாம் நாளும் வரலாம். அதற்குள் வழியே போகிற நாலு ஆண்கள் கொட்டகைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு திருகாணியைத் திருகிவிட்டுப் போவார்கள். மெக்கானிக் வந்தால், "தள்ளி நில்லுங்கக்கா, ஷாக் அடிக்கும்" என்று பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவர் முதுகை மட்டும் பார்த்தே அம்மா ஐந்தாறு வருடம் கூலி கொடுத்திருக்கிறாள்.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள், சனி ஞாயிறுகளில் ஊருக்கு வருகிறவள். ஒருமுறை மெக்கானிக் டீ குடிக்க எழுந்துபோன இடைவெளியில் கழற்றி வைத்திருந்த ஸ்டார்ட்டர் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எண்ணெய்க் கறை, பூச்சி எச்சம். அதன் அடியில் அந்தப் பெட்டியின் முழு வயரிங் படம். இத்தனை நாள் முதுகால் மறைக்கப்பட்ட விஷயம் மூடிக்குள் அச்சடித்தே இருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அன்று இரவு அம்மாவும் நானும் அதைப் பெரிதாக்கி, நோட்டுப் புத்தகத்தில் வரைந்து பார்த்தோம். கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளும் பாட்டு ஒன்றில் எழுவாயிலிருந்து பயனிலையைத் தேடிப் போவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அம்மாவுக்கு அந்த உவமை தேவைப்படவில்லை. "வாய்க்கா மாதிரிதானே, எந்த மடை அடைச்சிருக்குன்னு பாக்கணும்" என்றாள்.

அந்த வாய்க்கால் இப்படிப் போகிறது. வரும் மூன்று பேஸ்களில் ஒன்றிலிருந்து மெல்லிய வயர் ஒன்று கிளம்புகிறது. அது சிவப்புப் பொத்தானைக் கடந்து, பச்சைப் பொத்தானைக் கடந்து, காயிலுக்குள் சுற்றி, ஓவர்லோடு ரிலேயின் சிறிய முனையைத் தாண்டி, இன்னொரு பேஸில் போய்ச் சேர்கிறது. சிவப்பு எப்போதும் திறந்திருக்கும் மடை, பச்சை எப்போதும் மூடியிருக்கும் மடை. பச்சையை அழுத்தினால் வழி முழுமையாகிக் காயில் காந்தமாகும். காந்தம் எதிரிலிருக்கும் இரும்பை 'டக்' என்று இழுக்கும். இரும்போடு மூன்று பெரிய முனைகள் சேர்ந்து மோட்டாருக்கு மின்சாரம் போகும். கூடவே நாலாவதாக ஒரு சின்ன முனையும் சேரும். பச்சைப் பொத்தானுக்குப் பக்கவழி அது. நாம் விரலை எடுத்த பிறகும் காயிலுக்கு அதன் வழியாகத்தான் மின்சாரம் கிடைக்கிறது. விரலை எடுத்ததும் மோட்டார் நிற்கிறதென்றால் அந்தச் சின்ன முனை கரி பிடித்திருக்கிறது. மோட்டாரிலோ போர்வெல்லிலோ பழுதில்லை. எங்கள் வீட்டில் இதே கோளாறுக்கு ஒருமுறை மோட்டாரையே குழாயோடு மேலே தூக்கினார்கள். தூக்கி இறக்கிய கூலியை அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

மின்தடை வந்தால் காயில் விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானாகக் கிளம்பாது. ஆள் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆட்டோ சுவிட்சு வைத்திருந்தாலும் அது பழுதானால் ஆள்தான். இரவு பதினோரு மணிக்குக் கரும்புக் கொல்லையின் நடுவே யார் போவது என்பதில்தான் சாவி ஆண்கள் வீட்டு ஆணிக்குப் போன கதை இருக்கிறது. பாம்புக்கும் பன்றிக்கும் அம்மா பயந்தவளில்லை. "ராத்திரியில கொல்லைக்குப் போறா" என்று சொல்லக்கூடிய வாய்களுக்குத்தான் பயந்தாள்.

கற்றுக்கொள்ளத் தொடங்கியதும் நாங்கள் வைத்த முதல் விதி, மின்சாரத்தை நிறுத்தாமல் பெட்டிக்குள் கைவைப்பதில்லை. மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி அம்மா மடியில் கட்டிக்கொள்வாள். யாராவது 'உதவி'க்கு வந்து மாட்டிவிடக் கூடாதே. ஈரக்கை கூடாது, ரப்பர் செருப்பு வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். அதன் பிறகு மலிவான மல்டிமீட்டர் ஒன்றை 'பீப்' சத்தத்தில் வைத்து, அந்த மெல்லிய வயர் போகும் வழியைத் துண்டு துண்டாகத் தொட்டுப் பார்ப்போம். சிவப்பின் இரு பக்கமும் தொட்டால் சத்தம் வர வேண்டும். பச்சையில் அழுத்தினால் மட்டும் வர வேண்டும். ஓவர்லோடு முனையில் வரவில்லை என்றால் ரீசெட்டை அழுத்திவிட்டு மறுபடி தொட வேண்டும். காயிலுக்குச் சத்தத்தை நம்பக் கூடாது. நீளமான மெல்லிய கம்பிச் சுற்று என்பதால் நல்ல காயில்கூடச் சத்தம் தராது. அதற்கு ஓம் எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணே வரவில்லை என்றால் சுற்று அறுந்துவிட்டது. கருகிய காயிலுக்கு மீட்டரே வேண்டாம், மூக்கு போதும்.

டெஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் சட்டைப்பையில் டெஸ்டர் செருகியவரெல்லாம் மெக்கானிக். மூன்று வயரிலும் தொட்டு, மூன்றிலும் சிவப்பாக எரிந்தால் "கரண்டு இருக்கு" என்று தீர்ப்பு. ஆனால் ஒரு பேஸ் அறுந்திருந்தாலும், மற்ற பேஸின் மின்சாரம் ஏதாவது ஒரு சுற்று வழியாகத் திரும்பி வந்து அந்தச் செத்த வயரிலும் டெஸ்டரை எரியவைக்கும். அதை நம்பி மோட்டாரைப் போட்டால் இரண்டு பேஸில் உறுமும். சில நிமிடத்தில் உள்ளே காயில் வெந்துவிடும். உண்மை தெரிய இரண்டு குண்டு பல்புகளைத் தொடராகக் கட்டிய டெஸ்ட் லாம்ப் வேண்டும். பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 415 வோல்ட்; ஒரு பல்பு தாங்காது, இரண்டு தாங்கும். இரண்டிரண்டு பேஸாக மூன்று முறை வைத்துப் பார்த்தால் எந்த பேஸ் இல்லையென்று பல்பே சொல்லிவிடும். மின்சாரம் இருக்கும்போது செய்கிற ஒரே சோதனை இது. அதனால் அம்மா இதை அவசரத்தில் செய்வதே இல்லை.

ஒரு ஐப்பசியில் ஸ்டார்ட்டர் இழுக்கவே இல்லை. பீஸ் சரி, பொத்தான் சரி, காயில் சரி. காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே காய்ந்த பல்லி ஒன்று நசுங்கிக் கிடந்தது. கொட்டகையில் இது வாடிக்கை. பல்லி, கட்டெறும்பு, குளவிக்கூடு எல்லாம் சூடு தேடிப் பெட்டிக்குள் வரும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, கணினியில் 'பக்' என்கிறார்களே, அந்தக் கதை மாதிரி இருக்கிறது என்றாள். அந்தக் கதைக்கு ஆவணமே இருக்கிறது. ஹார்வர்டின் மார்க் 2 கணினி நம் ஸ்டார்ட்டரைப் போலவே ரிலேக்களால் ஆனது. 1947 செப்டம்பர் 9 அன்று அதன் ரிலே ஒன்றுக்குள் ஒரு விட்டில்பூச்சி அகப்பட்டது. எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் அதை ஊர் ஊராகச் சொல்லிப் பிரபலமாக்கினார். கோளாறுக்கு 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே இருந்தது. உண்மையான பூச்சி கிடைத்ததில்தான் அவர்களுக்குச் சிரிப்பு. அதே 1947இல்தான் சிகாகோவில் பின்பால் விளையாட்டு மேசைகளுக்கு, பந்தைத் தட்டிவிடும் மின்காந்தத் துடுப்புகள் வந்தன. 1970களின் இறுதிவரை அந்த மேசைகளின் வயிற்றுக்குள்ளும் ரிலே, காயில், தொடர்பு முனைகள்தான். இன்று அவற்றைப் பழுதுபார்ப்பவர்கள் செய்வதும் நாங்கள் செய்வதேதான்: முதலில் பீஸ், அடுத்து முனைகளின் அழுக்கு, பிறகு வரைபடத்தில் விரல் வைத்துப் போவது. சிகாகோ தொழிற்சாலைகளில் அந்த வயர்க் கட்டுகளைக் கட்டிப் பற்றவைக்க நிறைய பெண்கள் இருந்தார்கள். உற்பத்தி செய்யும்போது பெண்ணின் கை நுட்பமானது என்பார்கள். பழுதுபார்க்கும் இடத்தில் அதே கைக்கு ஷாக் அடிக்கும் என்பார்கள்.

அ. லலிதாவை என் மாணவிகளுக்குத் தெரியாது. எனக்கும் யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையாகி, கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940இல் சேர்ந்தவர். 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தல் வடிவமைப்பில் வேலை செய்தார். விதவையின் கையில் வயரைக் கொடுப்பது அபசகுனம் என்று நினைத்த காலத்தில் அவருடைய அப்பாவே அக்கல்லூரியில் பேராசிரியராக இருந்தது உதவியது. எங்கள் கொட்டகைக்கு அப்படி ஒரு அப்பா இல்லை. மூடிக்குள் ஒரு தாள்தான் இருந்தது.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். கொட்டகைக்குள் மார்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால், தண்ணீருக்குள்ளேயே வாழும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே இருந்த ஸ்டார்ட்டர் பெட்டிதான் மூழ்கி வண்டல் தின்றிருந்தது. கரை நெடுக எல்லாக் கொட்டகையிலும் அதே கதை. மெக்கானிக்குகள் யாரும் போன் எடுக்கவில்லை. அம்மா பெட்டியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, மாடியில் நான்கு நாள் வெயிலில் காயவைத்தாள். காயில் நனைந்து உப்பியிருந்ததால் புதிதாக வாங்கினோம். காந்த முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துணியால் துடைத்தாள். உப்புத்தாள் போடவில்லை. ஐந்தாம் நாள் மாலை மெயினிலும் வயரிலும் ஈரமில்லை என்று பார்த்துவிட்டு, டெஸ்ட் லாம்பை மூன்று முறை வைத்துவிட்டு, பச்சையை அழுத்தினாள். இழுத்தது, ஆனால் 'டர்ர்ர்'. மறுபடி நிறுத்தி, பீஸ் பிடுங்கி, திறந்தால் காந்தத்தின் ஒரு மூலையில் மணல் ஒரு துளி. அதை எடுத்த பிறகு சத்தம் அடங்கியது.

அதற்கப்புறம் வந்ததை யாரும் வெற்றிக்கதையாக எழுதிவிட வேண்டாம். அக்கம்பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. "பெரியம்மா, ஒரு எட்டு வந்து பாருங்க." மெக்கானிக்குக்கு முந்நூறு கொடுத்த அதே ஆட்கள் அம்மாவுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். சமையல், மாடு, கரும்பு ஆகியவற்றோடு ஸ்டார்ட்டரும் சேர்ந்துகொண்டது. பெண் ஒன்றைக் கற்றுக்கொண்டதும் அது தொழிலாக இருப்பதை நிறுத்திவிட்டு உபகாரம் ஆகிவிடுகிறது. கரும்பு வெட்ட வரும் பெண்களை நினைத்தால் எங்கள் நிலைமை மேல் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் உச்சி வெயிலில் கொட்டகை நிழலில் உட்காரக்கூட அனுமதி கேட்பவர்கள். அவர்களில் குத்தகைக்கு அரை ஏக்கர் எடுத்திருக்கும் ஒருத்தி மட்டும் அம்மாவோடு பெட்டி முன்னால் உட்கார்ந்து, பார்த்துப் பழகினாள்.

மின் இணைப்பு இன்னமும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. மாற்றுவதற்குப் பங்காளிகள் கையெழுத்து வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். சாவி இப்போது அம்மாவின் இடுப்பில். போன பொங்கலுக்குப் பிறகு அவள் கூலி வாங்க ஆரம்பித்தாள். முதலில் கேட்டபோது சித்தப்பா சிரித்தார், "என்னம்மா, சொந்தத்துக்குள்ளயா?" அம்மா சிரிக்கவில்லை. பார்க்க இருநூறு ரூபாய், காயில் மாற்றினால் காயில் காசு தனி.