நூறுக்குள் நிற்கும் மீட்டர்

திருவேங்கடத்து வீட்டின் மின்கட்டணக் குறுஞ்செய்தி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் கைப்பேசிகளுக்குத்தான் வரும். நாங்கள் இருவர், மூத்தவர் மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறவர், இளையவர் கோவையில் பஞ்சாலைக் கணக்கர். அப்பா காலமான பின் வந்த செய்திகளில் கட்டவேண்டிய தொகை தொடர்ந்து பூஜ்யமாகவே இருந்தது. 2016 மே மாதம் முதல் தமிழகத்து வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா? அம்மா ஒருவருக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது என்றிருந்தோம். உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

2023 சித்திரையில் ஊருக்குப் போனோம். கரிசல் மண் குடித்த வெயிலையெல்லாம் திருப்பி உமிழும் பிற்பகல். அம்மா தூணோரம் பனையோலை விசிறியுடன் உட்கார்ந்திருந்தார். மின்தடை என்றே எண்ணினோம். ஆனால் அடுத்த வீட்டில் தொலைக்காட்சி பாடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே இருட்டு. எறும்புக்குப் பயந்து உளுந்தும் பருப்பும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தன.

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், கிழித்த நாள்காட்டித் தாள்கள் ஒரு கம்பியில் குத்தியிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் ஓர் எண்.

அப்பா காலத்தில் அங்கே சக்கர மீட்டர் இருந்தது. ஹங்கேரிக்காரரான ஓட்டோ பிளாத்தி 1889-இல் வகுத்த முறை அது. இரு சுருள்களின் காந்தப்புலம் ஓர் அலுமினியத் தட்டைச் சுழற்றும். வீட்டிலுள்ள எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, தட்டின் கறுப்புக் கோடு நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார் அப்பா. நகர்ந்தால் எங்கோ கசிவு. பின்னர் வந்த மின்னணு மீட்டரில் சுழல ஒன்றுமில்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். பொத்தானை அழுத்த அழுத்தத் தேதி, நேரம், உச்சத் தேவை, யூனிட் என்று மாறி மாறி வரும். வகுப்பில் இதை மின்னளவி என்போம். அம்மாவுக்கு அது மீட்டர்ப் பெட்டி. ஆனால் எங்களைவிட அவருக்கே அது நன்றாகப் படிக்கத் தெரிந்திருந்தது.

“நாலாவது அமுக்குல வாரதுதான்யா நம்ம நம்பரு. நூறுக்குள்ள நின்னுட்டா காசு கிடையாது. நூத்தியொண்ணு ஆச்சுன்னா மொத்தத்துக்கும்லா கட்டணும்?”

அப்படியில்லை. 100-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமே கட்டணம்; 200 வரை அப்போது யூனிட் இரண்டே கால் ரூபாய். 500-ஐத் தாண்டினால்தான் கீழ்ப்படிகளின் விகிதமும் உயரும். யாரோ சொன்ன அந்த ஐந்நூறு அம்மாவின் காதில் நூறாக விழுந்திருக்கிறது.

கணக்கர் தாளை எடுத்தார். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 மினுக்கல் என்று பொறித்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 75 வாட் மின்விசிறியை மட்டும் ஓடவிட்டால் பதினைந்து நொடிக்கு ஒரு மினுக்கல். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி எண்ண வைத்தோம். இரவு எட்டு மணிநேரம் வீதம் அறுபது நாள் ஓடினாலும் 36 யூனிட். அத்தனையும் நூறுக்கு மேலேயே போனாலும் 81 ரூபாய். இந்த 81 ரூபாய்க்காக இரண்டு கோடை. அதை நாங்கள் உரக்கச் சொல்லவில்லை.

கரிசல் சம்சாரி மின்சாரத்துக்குப் படும் பாட்டை கி. ராஜநாராயணன் ‘கரண்ட்’ கதையில் எழுதினார், 1992-இல் கே. ஹரிஹரன் அதை இந்தியில் படமாக்கினார். வந்த கரண்டை வேண்டாமென்று அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரை எந்தக் கதையிலும் நாங்கள் படித்த நினைவில்லை. படித்திருந்தாலும் அந்தப் பூஜ்யங்களை வேறுவிதமாக வாசித்திருப்போமா என்பது சந்தேகமே.

அடுத்த கணக்கெடுப்பில் வெள்ளை அட்டையில் 138 யூனிட் ஏறியது. தொகை நூறு ரூபாயைத் தொடவில்லை. அன்றிரவே அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, ஃபேன் ராவெல்லாம் ஓடுது. விடியக்காலம் குளிருதுய்யா, நாலு மணிக்கு அமத்திருதேன். நாலு மணிக்கு மேல எத்தன மினுக்கு மிச்சம்னு தம்பிகிட்ட கேட்டுச் சொல்லு.”