காற்றுக்குப் பங்கில்லை

இன்பத்தைப் பற்றி எழுதப் புகும்போது நம்மைப் போன்றோரின் பேனா சற்றுத் தயங்குகிறது. பசியையும் பிணியையும் எழுதிப் பழகிய கைக்கு, கடலில் பாய் விரித்துச் சென்றதையும் மணலில் படுத்து விண்மீன்களைப் பார்த்திருந்ததையும் எழுதுவது ஏதோ துரோகம் போலத் தோன்றுகிறது. சிறு பாய்ப்படகில் கரைதொட்டுக் கரைதொட்டுச் செல்வதும், கடலோரத்திலேயே சமைத்துண்டு உறங்குவதும் மேல்நாட்டுக் கனவான்களின் பொழுதுபோக்கு என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மன்னார்த் தீவில் முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தும் அந்த எண்ணம் மாறவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமற்போன 2022ஆம் ஆண்டுதான் அதை மாற்றியது.

அந்த ஆண்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகரத்தார் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற கதை எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை என்பதும், அது கிடைக்காததால் வடபகுதிக் கரைகளில் படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன என்பதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிறகு எண்ணெய் வந்தது. விலையும் உடன் வந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஓகஸ்ட் 22ஆம் திகதி முதல் 340 ரூபாவாயிற்று. ஒரு நாள் மீன்பாடு ஒரு நாள் எண்ணெய்க்கே போதாது என்ற நிலை.

பேசாலையில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், நான் அவரை அண்ணை என்றே அழைப்பது. செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தென்னைமர நிழலில் அமர்ந்து உரப்பைகளை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தார். பழைய பாய் எலி கடித்துப் போயிருந்ததாம். முந்திய ஆண்டில் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்து வயல்களை வாடவிட்டது. உரம் போய்ப் பைகள் மட்டும் மிஞ்சிய நாட்டில் அவை பாய்களாயின. வீட்டுப் பின்புறத்தில் 18 அடி மரவள்ளம் ஒன்று கலப்பற்றுச் செய்யப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டு கடல் மூடப்பட்டபோது இறப்பில் செருகிய பாய்மரத்தை அவர் பேரன் கீழே இறக்கியிருந்தான்.

"மாஸ்டர், காத்துக்கு நாங்கள் காசு கட்டுறேல்லை. அதாலதான் அதை மறந்துபோனம்" என்றார்.

நானும் வரலாமா என்று கேட்டேன். முழங்கால் வலிக்காரன் என்று தெரிந்தும் அவர் மறுக்கவில்லை. "பாரத்துக்கு ஒரு ஆள் வேணும்தான்" என்றார். பதவி உயர்வுகள் சில பெற்றிருக்கிறேன். இதைப் போல எதுவும் மகிழ்ச்சி தந்ததில்லை.

மறுநாள் பிற்பகல் கரையிலிருந்த காவலரணில் பெயரைப் பதிந்துவிட்டு மூவரும் புறப்பட்டோம். அது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தீவின் தென்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். வடகடலிலோ காற்று தரையைக் கடந்து வருவதால் அலை எழுவதில்லை. காற்று மட்டும் குறைவின்றி இருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். இதை அறிந்துதான் இக்கரையோரத்து மீனவர் பருவத்துக்குப் பருவம் கரைமாறி வாடியடிக்கின்றனர். நான் புவியியல் பாடத்தில் பருவக்காற்றுகளைக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுக் காட்டியவன். அந்த அம்புக்குறி ஒரு மனிதனின் வீட்டையே கரைவிட்டுக் கரை தூக்கிவைக்கும் என்பதை என் மாணவருக்கு நான் சொன்னதில்லை.

மரக்கோலால் தாங்கி ஆழம் கண்டதும் பேரன் ஆஞ்சானை இழுத்தான். பருமல் ஏறியது; பாய் ஒருமுறை படபடத்துப் பின் நிறைந்தது. அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது! மூன்று உடல்களின் பாரத்தைச் சுமந்து கிடந்த மரக்கட்டைக்கு உயிர் வந்தது. இயந்திரப் படகில் நான் பலமுறை போயிருக்கிறேன். அதில் கடல் ஒரு தடை, அதை அடித்து உதைத்துப் போகிறோம். இங்கே கடலின் ஒலி கேட்கிறது. வள்ளத்தின் அடியில் நீர் சலசலக்கிறது. பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. சாதாளை படர்ந்த தரை கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறது. காற்று வலுத்தபோது அண்ணை தலையை மட்டும் அசைப்பார். நானும் பேரனும் இடப்புற விளிம்பில் ஏறி அமர்வோம். வள்ளம் நிமிரும். சற்றுக் குறைந்தால் உள்ளே இறங்குவோம். ஒரு கையில் சுக்கானும் மறுகையில் தாமான் கயிறுமாக அவர் அமர்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதியாத அந்த மனிதர், எந்தக் கணிதமும் எழுதாமல், காற்றின் திசையையும் வள்ளத்தின் திசையையும் கணத்துக்குக் கணம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஓர் இளநகை இருந்தது. உழைப்பின் இன்பம் என்று நாம் நூல்களில் படித்த சொற்றொடர் உள்ளதே, அதற்கு முகமிருந்தால் அது இதுதான்.

வழியில் வலையை இறக்கினோம். தலைமன்னார்ப் பழைய வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பொழுது சாயுமுன் வள்ளத்தைக் கரையேற்றினோம். பேசாலையிலிருந்து 10 கிலோமீட்டர்தான் இருக்கும். மூன்று மணிநேரம் பிடித்தது.

நான்கு கம்பு, ஒரு பழைய பாய், கொஞ்சம் பனையோலை, வாடி எழுந்துவிட்டது. பேரன் மணலில் முழங்கையளவு குழி தோண்டினான். சிறிது நேரத்தில் நீர் ஊறிற்று. கடலிலிருந்து சில பாகம் தூரத்தில், குடிக்கத்தக்க நன்னீர்! மழைநீர் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது; ஆழத் தோண்டும் பேராசைக்காரனுக்கு உப்புத்தான் கிடைக்கும். கையிலிருந்த ஓராவைச் சுட்டு, கொண்டுவந்த பிட்டோடு உண்டோம்.

கடற்கரையில் கொட்டகையிட்டு வாழ்வது இம்மாவட்டத்தில் கனவான்களுக்கும் தெரியாததன்று. தீவுக்குத் தெற்கே, பெருநிலத்து அரிப்பில், ஆங்கில ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தூண்கள் வைத்த மாளிகை ஒன்றை 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தார். சுழியோடிகளும் படகோட்டிகளும் அயலிலுள்ள சிலாபத்துறையில் ஓலை வாடிகளில் கிடந்தனர். அவர்களுடைய பாய்த்தோணிகள் நள்ளிரவில் கரையிலிருந்து வீசும் காற்றோடு முத்துப் பார்களுக்குச் சென்று, நண்பகலில் கடற்காற்றோடு திரும்பின. ஆளுநரின் செங்கற் சுவர்களைக் கடல் இன்று அரித்துத் தின்கிறது. வாடிகள் மட்டும் ஆண்டுதோறும் புதிதாக எழுகின்றன.

இருள் சூழ்ந்தபின் என் மகிழ்ச்சி முன்போல் இருக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். எங்களுக்கு மேற்கே, இருளுக்கு அப்பால், தனுஷ்கோடி நோக்கித் தீடைகள் தொடங்குகின்றன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், விலைவாசி தாங்காமல் இக்கரையிலிருந்து படகேறிய ஆறு பேரைக் கைக்குழந்தையோடு அத்தகைய ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. இந்தியக் கடலோரக் காவற்படை வரும்வரை அவர்கள் அங்கே கிடந்தனர். அவர்களுக்கும் அதே மணல், அதே விண்மீன்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத்து ஏழைகளும் சிறு பாய்த்தோணிகளில் இந்நீரைக் கடந்து மன்னார்க் கரைகளில் இறங்கினர். மாத்தளைக் காட்டுவழியில் காலராவுக்கும் பசிக்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தனர். கரையில் ஓர் இரவு என்பது ஒருவனுக்கு ஓய்வு, மற்றொருவனுக்கு ஊரிழப்பு. மணல் எது என்று தெரிந்து வேறுபாடு காட்டுவதில்லை. காலையில் திரும்பிப்போக வீடு இருக்கிறதா என்பதே வேறுபாடு.

வடக்கே அடிவானத்தில் ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. தமிழகத்து இழுவைப்படகுகள். இலங்கையில் இழுவைமடியை 2017இல் சட்டமே தடுத்துவிட்டது; எனினும் இரவில் அவை வருவது நிற்கவில்லை. அண்ணை எழுந்து உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கட வலைக்கு மேலால போனா வலை இல்லை மாஸ்டர். அதில நிக்கிறவங்களும் கூலிக்கு வாறவங்கள்தான். முதலாளி கரையில நித்திரை."

பிறகு அவர் படுத்துக்கொண்டார். நான் உறங்கவில்லை. ஆறாமீன் கிழக்கே ஏறியது. கரையோர நண்டுகள் காலடியில் ஓடின. இந்தக் காற்றுக்காகவே இப்போது வெளிநாட்டவர் பணம் செலவிட்டுத் தலைமன்னார்ப் பக்கம் வருகின்றனர். பெரிய பட்டமொன்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் கடலில் சறுக்குகின்றனர். அவர்கள்மீது எனக்குச் சினமில்லை. நல்ல விளையாட்டுத்தான். அதே காற்றை அவர்களைவிட நன்கறிந்த மனிதர் அதை அனுபவிக்க ஒரு பஞ்சம் வரவேண்டியிருந்ததே என்பதுதான் என் மனத்தாங்கல். அண்ணையின் மகிழ்ச்சி கடன் இல்லாத மகிழ்ச்சியன்று. மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் பெற்றவர் அவர். பிடிக்கும் மீனை வேறெவருக்கும் விற்க முடியாது. இருந்தும் சுக்கானைப் பிடித்த அந்த மூன்று மணிநேரம் அவருடையது. அதை வறுமையின் அழகு என்று எவரேனும் பாடினால் நான் சண்டைக்குப் போவேன். அது திறமையின் இன்பம்.

விடியலில் வலையைத் தூக்கினோம். தப்பியிருந்தது. ஓராவும் விளையும் சில நண்டுகளும். திரும்பும்போது காற்று வலப்புறப் பின்பக்கத்திலிருந்து வந்தது. வந்த நேரத்தில் பாதியில் பேசாலை தெரிந்தது. பேரனிடம் சுக்கானைக் கொடுத்தார் அண்ணை. அவன் முதலில் வளைந்து வளைந்து ஓட்டினான். "அப்பப்பா, இது இஞ்சின் மாதிரி இல்லை" என்று முறையிட்டவன், சற்று நேரத்தில் முறையிடுவதை விட்டுவிட்டான்.

கரையில் அவருடைய மகன் கணக்குக் கொப்பியோடு நின்றார். மீன் நிறுக்கப்பட்டது, முற்பணத்துக்கான கழிவு போயிற்று. வழக்கப்படி அடுத்ததாக எண்ணெய்ச் செலவைக் கழிக்க வேண்டும். அதன்பின்தான் வள்ளத்துக்கும் வலைக்கும் ஆட்களுக்குமான பங்கு.

"எண்ணெய் எவ்வளவு போட்டுக்கொண்டு போனனீங்கள் அப்பு?" என்று கேட்டுவிட்டு, பென்சிலை எழுத்துக்கு வைத்தபடி அவர் நின்றார். யாரும் பதில் சொல்லவில்லை. வள்ளத்திலிருந்து உரப்பைப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த பேரன்தான் முதலில் சிரித்தான்.