எட்டு வருஷம் பத்தாதாண்ணே?

பிள்ளையார்பாளையம் டீக்கடைக்கு மாலையில் வந்து பாருங்கள் தோழர்களே. தறியை விட்டு எழுந்தவர்களும் காலேஜ் பையன்களும், சேப்பாக்கத்தில் எத்தனை ஸ்பின்னரை இறக்கலாம் என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். நாமும்தான்.

'டீமுக்கு யார் பொருந்துவார்' என்று பேச்சு வந்தாலே நமக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வந்துவிடுகிறார். சமார் சாதியில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட். புனேவில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளை. பம்பாய் இந்து அணி கேப்டன் பதவியைக் கடைசிவரை அவருக்குத் தரவில்லை. 1923இல்தான், அதுவும் அவர் தம்பி விட்டலுக்குத் தந்தது.

எங்கள் ஊர் டீமிலும் முதல் ஓவர் காலனிப் பையனுக்குத்தான். கேப்டன் என்றால் மட்டும் "அனுபவம் வேணும்ப்பா" என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்டேவிட்டான்: "எட்டு வருஷம் பத்தாதாண்ணே?"

டாஸ் போட நேரமாகிவிட்டது என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.