சிவப்பி அடையிருந்த தை, மாசி

ஜனவரி 26, வெள்ளி
பொழுது சாய்ந்ததும் சிவப்பியை அடை வைத்தேன். 11 முட்டை. 13 வைக்கலாமே என்றார் அத்தை. சிறுவிடை உடம்புக்கு அது அதிகம். ஓரத்து முட்டைக்குச் சூடு போய்ச் சேராது. கூடையில் மணல், மேலே வைக்கோல். இடிக்குக் காப்பாகக் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், என் வீட்டுக்காரர் மில்லிலிருந்து கொண்டுவந்த கம்பித்துண்டு. தை மாசத்தில் இடி ஏது? இருந்தாலும் போட்டேன். அம்மா போடுவாள்.

அம்மா வீட்டுக் கோழி வழியில் மிச்சம் சிவப்பி ஒன்றுதான்.

ஜனவரி 29
ஒரு வேளைதான் இறங்குகிறது. கம்பு தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, ஒரு குவியல் எச்சம். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கால் மணி நேரத்தில் மறுபடி கூடை. கையை உள்ளே விட்டேன், கொத்திவிட்டது. வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல், காய்ச்சல் மாதிரி சுடுகிறது.

காலையில் தண்ணீர்த் தட்டில் கறுப்பாக ஏடு. ராத்திரிதான் மில்காரர்கள் புகையை விடுகிறார்கள். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மறுபடி துவைத்தேன். எனக்கும் தொண்டையில் கரகரப்பு.

பிப்ரவரி 2, வெள்ளி
விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வைத்துப் பார்த்தேன். பெரியவன் பிடித்துக்கொண்டான். முட்டைக்குள் சிவப்பு நரம்பு ஓடுகிறது, நடுவே ஒரு புள்ளி துடிக்கிறது. அவன் வாயைத் திறந்தபடி நின்றான். இரண்டில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் அப்படியே தாண்டிப் போகிறது. எடுத்துவிட்டேன். 9 இருக்கிறது.

ஒன்பதும் வரணும்.

பிப்ரவரி 6
கோழிக்கழிச்சல் ஊசி முகாம். கறுப்பியையும் இரண்டு வெடையையும் சேவலையும் விடியற்காலையிலேயே பிடித்துக் கூடையால் மூடி வைத்தேன். இறக்கைக்கு அடியில் தோலைத் தூக்கி ஒரு ஊசி, முடிந்தது. அடையில் இருப்பதைத் தொட வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். நிம்மதி.

கழிச்சல் வந்த வருஷம் நினைவுக்கு வந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் போய், கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. காலையில் நின்றது சாயங்காலம் இல்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது.

பிப்ரவரி 9, தை அமாவாசை
அம்மாவுக்குப் படைத்தேன். காக்கா உடனே வந்தது. சிவப்பி இன்று இறங்கவே இல்லை. தீனியைக் கூடையிடமே கொண்டுபோய் நீட்டினேன். தொடவில்லை. இடுப்பு வலி.

பிப்ரவரி 11, ஞாயிறு
கறுப்பி போட்ட சத்தத்தில்தான் ஓடினேன். பழவேற்காட்டில் வாங்கிய பழைய மீன்வலையைக் கொட்டகைக்குச் சுற்றிக் கட்டியிருக்கிறோமே, அதில் சாரை. பாதி உள்ளே, பாதி வெளியே. நெளிய நெளிய நைலான் நூல் செதிலுக்குள் இறங்குகிறது. எதிர்வீட்டு அக்கா, "கொட்டு, கொட்டு" என்று தெலுங்கில் கத்துகிறாள். அடிக்க விடவில்லை நான். அவர் தலையைக் கோணியால் அழுத்திக்கொள்ள, நான் கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். கை நடுங்கியது. முள்வேலிப் பக்கம் விட்டதும் ஓடிப்போனது.

எலியைத் தின்கிற பாம்பு. ஆனால் முட்டையையும் தின்னும். வலையில் ஓட்டை இப்போது. தைக்கணும்.

சிவப்பி இத்தனை ரகளைக்கும் எழுந்திருக்கவில்லை. இறகை மட்டும் சிலிர்த்துக்கொண்டது.

பிப்ரவரி 14
வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டேன். தண்ணீர் அசையாமல் நின்றபிறகு முட்டை தானாக ஆடுகிறது. 8 ஆடியது. ஒன்று சும்மா மிதந்தது. அதையும் திரும்ப வைத்தேன். மனசு கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ராத்திரி
ஓட்டுக்குள்ளிருந்து கீச் கீச். சிவப்பி அடித்தொண்டையில் பதில் சொல்கிறது. அவர் நைட் ஷிப்ட். சொல்ல ஆள் இல்லை. அத்தையை எழுப்பினேன், திட்டினார், வந்து பார்த்தார், பிறகு அவரும் தூங்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி
வந்துவிட்டது. மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு முளை. அதை வைத்துத்தான் ஓட்டைக் கீறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து, தலையால் முட்டித் திறக்கிறது. ஈரமாக, சப்பிப்போய், உயிர் இருக்கிறதா என்று சந்தேகமாக. ஒரு மணி நேரத்தில் பஞ்சு.

மதியத்துக்குள் 5. சாயங்காலம் 7.

எட்டாவது ஓட்டில் துளை போட்டு நின்றுவிட்டது. உரித்துவிடட்டுமா என்றான் பெரியவன். வேண்டாம் என்றேன். ரத்தம் வரும்.

பிப்ரவரி 17
எட்டாவது செத்துவிட்டது. முழுசாக வளர்ந்த குஞ்சு. வேப்பமரத்தடியில் புதைத்தேன்.

டிவியில் நெல்லூர். பொதலகூர், கோவூர் மண்டலத்தில் பறவைக் காய்ச்சல். போபால் ஆய்வகத்தில் உறுதியானதாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு கலங்கியது. நெல்லூர் லாரி எல்லாம் நம்ம ஹைவே வழியாகத்தானே வருகிறது.

5.35க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட். தெருவே மாடியில். நான் போகவில்லை, கூடைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கழித்து அந்த உறுமல். தகரம் அதிர்ந்தது. ஏழும் ஒரே நொடியில் அவள் இறக்கைக்குள். வானிலை பார்க்கிற சாட்டிலைட்டாம், இன்சாட்-3டிஎஸ்.

பிப்ரவரி 18, ஞாயிறு
கறிக்கடையில் கூட்டமே இல்லை. எதிர்வீட்டு அக்காவின் தம்பி நெல்லூர்ப் பக்கம். நோய் வந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்களாம். கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்களாம். வீட்டுக்கோழியையுமா? வீட்டுக்கோழியையும்தான்.

ஏரிக்கு வருகிற நாரை, வாத்து வழியாகவும் பரவும் என்கிறார்கள். பழவேற்காட்டில் இப்போது பூநாரை சீசன். வருஷா வருஷம் ஆசையாகப் பார்ப்பேன். இந்த வருஷம் தலைக்கு மேல் எது பறந்தாலும் எரிச்சல்.

கழிச்சல் ஊசி இதற்குக் கேட்காது. இது வேற நோய்.

பிப்ரவரி 20
கறையான் பானை நன்றாகப் பிடித்திருந்தது. சாணமும் தென்னைமட்டையும் அடைத்து நேற்று கவிழ்த்தது. உதறியதும் ஏழும் பாய்ந்து விழுந்து தின்றன. தொண்டைப்பை உப்பிவிட்டது.

அதற்குப்பிறகுதான். சிவப்பி "கர்ர்" என்றது. எல்லாம் அப்படியே தரையோடு படுத்தன, ஒன்று மட்டும் ஓடியது. வல்லூறு. நிழல்கூட விழவில்லை. வேலிமேல் ஒரு இறகு, அவ்வளவுதான்.

6.

சிவப்பி ராத்திரிவரை கொக்கரித்தாள். இனிமேல் கோழியே வேண்டாம். போதும்.

பிப்ரவரி 21
சிப்காட் ரோட்டில் கம்பத்தடியில் செத்த காக்கா. கால் நகரவில்லை எனக்கு. கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்தேன். கையால் தொடாதீங்கம்மா, பக்கத்தில் வேற ஏதாவது செத்திருக்கா பாருங்க என்றார்கள். இல்லை. ஒன்றுதான். கரன்ட் அடித்திருக்கும் என்றார்கள். இருக்கும். சிறகில் கருகல் இருந்தது.

வந்து செருப்பை வெளியே விட்டு, காலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இனி கொட்டகைக்குத் தனிச் செருப்பு. தீனி மூடித்தான் வைக்கணும், காக்கா வரக்கூடாது. பெரியவனைக் கோழிக்கடைப் பக்கம் போகாதே என்றேன். முறைத்தான்.

பிப்ரவரி 23, வெள்ளி
குஞ்சுகளுக்குக் கழிச்சல் மருந்து, லசோட்டா சொட்டு. குப்பி 100 குஞ்சுக்கு, என்னிடம் 6. உடைத்தால் வைத்திருக்கவும் முடியாது. மூன்று தெருவுக்குச் சொல்லி அனுப்பினேன். விடியும்போதே கூடை, சட்டி, அட்டைப்பெட்டி என்று எங்கள் பெத்திக்குப்பமே வாசலில். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் மருந்து. கண்ணில் ஒரு சொட்டு, கண்ணைச் சிமிட்டும்வரை விடக்கூடாது. உள்ளங்கையில் அந்த இதயம் அடித்துக்கொள்கிற வேகம்.

எல்லாரும் நெல்லூரைப் பற்றியே பேசினார்கள். எல்லையில் ஆந்திராக் கோழி வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்களாம். நன்றாகப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 24, மாசி மகம்
குளிக்கப் போகலாம் என்றார் அவர். யார் பார்த்துக்கொள்வது? போகவில்லை. வலையைத் தைத்தேன். மேலேயும் கட்டியாயிற்று. இப்போது வல்லூறு வந்தால் கம்பத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

6.

பிப்ரவரி 26
6. சின்னதுக்கு இறக்கை நுனி முளைக்கிறது. சிவப்பியின் நிறம் இரண்டுக்கு. அதில் ஒன்று பெட்டையாக இருக்கணும். ஒன்றாவது.

தண்ணீர்த் தட்டில் மறுபடி கரி. இரண்டு வேளை மாற்றுகிறேன்.

பிப்ரவரி 28
ஊரில் எங்கேயும் கோழி சாகவில்லை. டிவியிலும் நெல்லூர்ப் பேச்சு குறைந்துவிட்டது. எனக்குத்தான் காலையில் கொட்டகைக் கதவைத் திறக்குமுன் இன்னும் கை நிற்கிறது. 6.

கறுப்பி கொக்கரிப்பு மாறுகிறது, சீக்கிரம் அடை கேட்கும். பங்குனி வெயில் வந்துவிட்டால் பொரிப்பு பாதிதான், அதற்குள் வைக்கணும். மண்சட்டியில் உமி போட்டு முட்டை சேர்க்கிறேன், கூர்ப்பக்கம் கீழே. 4 ஆயிற்று. வாரத்துக்கு மேல் பழசானது வேண்டாம். அத்தையிடம் சொல்லியாயிற்று, அந்தச் சட்டியிலிருந்து யாரும் ஆம்லேட்டுக்கு எடுக்கக்கூடாது.