ஓடும்போது அளந்து பாருங்க

என் மகளுக்குக் கல்யாணமானது 1993 ஆவணியில். 2018-ல் இருபத்தைந்து வருஷம் நிறைகிறது என்று, கல்யாண வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வேலை சின்னதுதான். ஆடி மாதம் முழுவதையும் அது தின்றுவிட்டது.

கேசட்டின் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கித் துடைத்து, 800 ரூபாய்க்கு வாங்கிய கேப்ச்சர் கருவி வழியாக மூன்று மணி நேரக் கல்யாணத்தையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தேன். நூறு ஜிபியைத் தாண்டிய ஒரே ஃபைல். சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது தடவை கேசட்டைப் போட்டேனா, டெக் கேசட்டைக் கடித்து நூடுல்ஸ் மாதிரி வெளியே தள்ளிவிட்டது. ஆக, கல்யாணம் இப்போது அந்த ஃபைலில் மட்டும்தான் இருந்தது.

என் மனைவி காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல்தான் இல்லை. வீட்டில் தினமும் பேசிக்கொண்டிருப்பவள் பேச்சை யார் பதிவு செய்து வைத்துக்கொள்கிறோம்? ஊஞ்சலின்போது அவள் பாடியது அந்த வீடியோவில் ஒன்றரை நிமிஷம் வருகிறது. எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-ல் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி நானே கோத்தது. ஏஎம்டி எஃப்எக்ஸ் 8350, எட்டு கோர் பிராசஸர், நல்ல மதர்போர்டு, 8 ஜிபி ராம். கேபினெட் வாங்கும்போது மட்டும் கை சுருங்கிவிட்டது. எஸ்எம்பிஎஸ் உள்ளேயே பொருத்தி வருகிற மலிவான ஒன்றை எடுத்தேன். கூட வந்த என் மனைவி, "இவ்வளவு குடுத்து வாங்கிட்டு, இதுல போய் மிச்சம் பிடிக்கணுமா?" என்று கேட்டாள். "450 வாட்ஸ்னு போட்டிருக்கு, தாராளமாப் போதும்" என்றேன். மின்சாரத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் சொன்னால் அப்பீல் ஏது?

அந்த நூறு ஜிபியை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கொடுத்துச் சுருக்க ஆரம்பித்தேன். சுமார் இருபது நிமிஷம். டக்கென்று திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. கரண்ட் போய் வந்ததோ என்று பார்த்தால் மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மறுபடி கொடுத்தேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் அதே கதை. சும்மா விட்டால் நாள் முழுக்க ஓடும். தமிழில் தட்டச்சு செய்தால் ஓடும். வேலை கொடுத்தால்தான் விழுந்துவிடும். (அலுவலகத்தில் இந்த ரகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், அது வேறு கதை.)

முதலில் யுபிஎஸ்ஸைச் சந்தேகித்து, அதைக் கழற்றி நேராகச் சுவரில் செருகினேன். பலனில்லை. அடுத்து சூடு. பிராசஸர் மேலிருந்த ஹீட் சிங்க்கில் ஐந்து வருஷத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. துடைத்து, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். வெப்பம் 12 டிகிரி இறங்கியது. ஆனாலும் நாற்பதாவது நிமிஷத்தில் போய்விட்டது. ராமைக் கழற்றி, எல்லோரும் செய்கிற மாதிரி பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

தெருமுனைக் கடையில் கேட்டேன். "ஃபார்மட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம் சார், சரியாயிடும்" என்றார் அந்தப் பையன். அலுத்துப்போயிருந்த எனக்கு, சரி என்று தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அன்று ராத்திரி பெங்களூரிலிருந்து பேரன் போன் பண்ணினான். நான் புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "தாத்தா, முதல்ல அந்த ஃபைலை வேற டிஸ்க்ல காப்பி எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை விழும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அது திடீர் மின்வெட்டு. முந்தின நாள்தான் விண்டோஸ் கிளம்பும்போது தானாக டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறேன்! மறுநாள் காலையில் கடை திறக்கும்போது நான்தான் முதல் ஆள். வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்று வாங்கிக் காப்பி எடுத்து முடித்த பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

பேரன் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான். விண்டோஸில், கோளாறு வந்தால் தானாக மறுபடி கிளம்பும்படி ஒரு டிக் போட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால், மென்பொருள் கோளாறாக இருந்தால் நீலத் திரை வந்து அப்படியே நிற்குமாம். எடுத்தேன். நீலத் திரை வரவில்லை, நேராகக் கறுத்துக் கிளம்பியது. அப்படியானால் மின்சாரம் என்று என் துறைக்கே வந்து சேர்ந்தது.

மல்டிமீட்டரை எடுத்தேன். நாலு பின் பிளக்கில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே 12 வோல்ட் இருக்க வேண்டும். 12.1 காட்டியது. எஸ்எம்பிஎஸ் குற்றமற்றது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மதர்போர்டின் மேல் பழியைப் போட்டு இரண்டு நாள் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில், படுக்கையில், மாயவரம் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர் ஞாபகம் வந்தார். 1984 கோடை. குறுவைக்கு எல்லோரும் பில்டர் பாயிண்டில் தண்ணீர் இறைக்கிற நேரம். லைனின் கடைசிப் போஸ்ட் அவருடையது. "மோட்டார் முக்குதுங்க, எடுக்கமாட்டேங்குது" என்று மனு மேல் மனு. நான் போனது காலை பத்து மணிக்கு. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. மூன்று பேஸையும் அளந்து, 410 வோல்ட் இருக்கிறது, உங்கள் மோட்டாரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அவர் கோபப்படவில்லை. "சும்மா கிடக்கறப்ப அளந்தா என்னங்க தெரியும்? எல்லா மோட்டாரும் ஓடறப்ப வந்து அளந்து பாருங்கய்யா" என்றார். எனக்கு அப்போது வயது முப்பது. எனக்கே பாடமா என்ற எரிச்சலில் போகவில்லை. அவரே ஒரு ராத்திரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோதுதான் போனேன். 330 வோல்ட்கூட இல்லை. புது டிரான்ஸ்பார்மர் வருவதற்குள் அந்தக் குறுவை போய்விட்டது.

எழுந்து போய் கம்ப்யூட்டரைப் போட்டேன். மீட்டரைச் செருகி வைத்துக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை ஓடவிட்டேன். 12.1 என்றிருந்தது 11.6 ஆயிற்று. பத்து நிமிஷத்தில் 11.4. ஐந்து சதவீதம் வரைதான் இறங்கலாம், அந்த எல்லை அதோடு சரி. 11.2 என்று கண்ணில் பட்டதும் திரை கறுத்தது. வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறவரை எஸ்எம்பிஎஸ் ஒரு சாம்பல் நிறக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சைகை கொடுத்துக்கொண்டே இருக்கும். சைகை நின்றால் மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பெட்டியைத் திருப்பி லேபிளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மேலே பெரிதாக 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் வரிசைக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்ஸ். பிராசஸர் மட்டுமே 125 வாட்ஸ் ரகம். போதாக்குறைக்குப் போன லீவில் வந்த பேரன், விளையாடுவதற்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகிவிட்டுப் போயிருந்தான். ஐந்து வருஷம் எப்படி ஓடியது என்றால், நான் அதற்கு வேலையே கொடுத்ததில்லை.

550 வாட்ஸில், 12 வோல்ட்டுக்கு 40 ஆம்பியருக்கு மேல் தரும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக வாங்கி மாட்டினேன். நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பழையதைத் திறந்து பார்த்தபோது மூன்று கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. (நீங்கள் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும்.)

அன்று சாயந்திரம் ஹேண்ட்பிரேக்கை ஓடவிட்டு, நாற்காலியை விட்டு நகராமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12.0. நாலு மணி நேரம் 12.0.

முடிந்ததும் ஊஞ்சல் வருகிற இடத்துக்கு நேராகப் போனேன். பாடிக்கொண்டே வந்தவள், கேமரா தன்மேல் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தி, வீடியோக்காரரிடம் கையை ஆட்டி, "போதும், பொண்ணு மாப்பிள்ளையைக் காட்டுங்க" என்கிறாள். இப்படி ஒரு வரி இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

இப்போது மூன்று காப்பி இருக்கிறது. ஒன்று பேரனிடம்.