ஒரு சொட்டு, பல குலம்

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் சன்னலோரம் ஒரு கண்ணாடி ஜாடி. வைக்கோல் ஊறிப் பழுப்பேறிய குளத்துநீர். மேலே மெல்லிய ஆடை படர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சொட்டு, இரண்டொரு பஞ்சிழை, அதன்மேல் ஒரு கண்ணாடிச் சில்லு. நுண்ணோக்கியின் அடியில் விளக்கு எரிகிறது.

முதலில் வருவது பரமீசியம். கால் மில்லிமீட்டர் நீளம். உடலெங்கும் குற்றிழைகள் துடிக்க, சுழன்றபடியே நீந்துகிறது. பஞ்சிழையில் முட்டுகிறது, பின்வாங்கி, திசை மாற்றி, மறுபடி முன்னேறுகிறது. இழைகளுக்கிடையே அகப்பட்டு நிற்கையில் உள்ளே இருப்பது தெரிகிறது. முனைக்கொன்றாக இரண்டு குமிழ்கள், ஒவ்வொன்றையும் சுற்றி நட்சத்திரமாய் நுண்கால்வாய்கள். ஒன்று நிரம்ப, மற்றொன்று சுருங்கி வெளியே கொட்டுகிறது. கசிந்து நுழையும் நீரை இப்படி இறைத்துக்கொண்டே இருந்தால்தான் பிழைக்க முடியும்.

பச்சையாய்க் குறுக்கே போகிறது யூக்ளினா. முன்னால் ஒரு கசையிழை, அதன் அடியில் செம்புள்ளி. வெளிச்சத்தை நாடிச் சென்று தானே உணவு சமைக்கும். இருட்டில் நீரில் கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும்.

மக்கிய வைக்கோல் துணுக்கில் காம்பூன்றி நிற்கிறது வோர்டிசெல்லா. யாரோ மேசையில் கைவைக்கிறார்கள். அந்த அதிர்வில் காம்பு சுருள்வில்லாய்ச் சுருங்கிவிடுகிறது. மறுபடி நீளும்போது அவசரமே இல்லை.

அடியில் அழுக்கு போலக் கிடந்தது ஒருபக்கம் புடைக்கிறது. உள்ளிருக்கும் துகள்கள் அந்தப் பக்கம் பாய்கின்றன. அமீபா. இரண்டு போலிக்கால்கள் ஒரு பாசித் துணுக்கை வளைத்து மூடுகின்றன. அருகே, சிலிக்கா ஓட்டுக்குள் ஒரு டயட்டம் வழுக்கிச் செல்கிறது. ஓட்டில் நுணுக்கமான வரிகள்.

அடுத்த மேசையில் ஒரு மாணவி இவற்றை ரெக்கார்டு நோட்டில் வரைகிறாள். மேலே ஒரே தலைப்பு: புரோட்டிஸ்டா.

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் 1674-இல் ஏரிநீரில் இத்தகைய நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்ற பெயரைச் சூட்டித் தனி உலகம் வகுத்தார். 1969-இல் விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது. கசையிழை, குற்றிழை, போலிக்கால் என்று நகரும் விதத்தை வைத்தே நெடுங்காலம் இனம் பிரித்தார்கள்.

மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு அந்த வேலிகள் சரிந்தன. பரமீசியத்தின் நெருங்கிய உறவில் மலேரியா தரும் பிளாஸ்மோடியம் இருக்கிறது. இரண்டுக்கும் செல்சவ்வின் அடியில் தட்டையான நுண்பைகள் உண்டு. பச்சை யூக்ளினாவின் சுற்றத்தில் ஆப்பிரிக்கத் தூக்கநோயின் டிரிப்பனோசோமா. டயட்டத்தின் கிளையில் கடலடியில் காடாய் வளரும் கெல்ப் பாசியும், 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்துப் பஞ்சம் விளைவித்த பைட்டோப்தோராவும். அமீபாவோ பரமீசியத்தைவிட, அதை வரையும் மாணவிக்கே நெருங்கிய உறவு.

விலங்கு, தாவரம், பூஞ்சை மூன்றையும் எடுத்தபின் எஞ்சியவை என்றுதான் இவற்றை ஒன்றாய்க் கட்டி வைத்தோம். உட்கரு கொண்ட உயிர்களின் மரத்தில் பெருங்கிளைகள் பெரும்பாலும் இவற்றுக்கே உரியவை. அவற்றின் நடுவே துளிர்த்த மூன்று கொப்புகள்தாம் நாம் பெரிதாகப் பேசும் அந்த மூன்றும்.