பிரிய மறுத்த மடிக்கணினி



சென்ற வாரம், எங்கள் பள்ளியில் புதிதாகப் பணியேற்ற இளம் ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியோடு இணைத்திருந்த வன்தட்டைச் சட்டென்று பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "பார்த்தம்மா, அது இன்னும் எழுதிக்கொண்டு இருக்கப்போகிறது" என்றேன். "ஒன்றும் ஆகாது ஐயா, எப்பொழுதும் இப்படித்தான் எடுக்கிறேன்" என்று சிரித்தார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். ஆகவே இந்தப் பதிவு.

2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு அரசாங்கம் மடிக்கணினி வழங்கியது. தமிழ் கற்பித்த எனக்கு அதில் பங்கில்லை. 2007இல், கோலாலம்பூரில் பணிபுரிந்த முன்னாள் மாணவர் ஒருவர், தம் அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றை டாக்கிங் ஸ்டேஷனோடு கொண்டுவந்து கொடுத்தார். கப்பல் வந்து அணையும் துறையைப் போன்றது என்பதால் நான் அதை 'அணைமேடை' என்றே எழுதிவருகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

மேசைமேல் கிடக்கும் அந்த மேடையில் மடிக்கணினியை வைத்து அழுத்தினால், 'கிளிக்' என்று உட்காரும். மின்சாரம், பெரிய திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி, வெளி வன்தட்டு யாவும் அடிப்புறத்தில் உள்ள ஒரே நீண்ட இணைப்பான் வழியாக வந்து சேரும். வைப்பது எளிது, எடுப்பதற்குத்தான் ஒரு முறை உண்டு. மேடையில் உள்ள பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் எக்ஸ்பி தன்னில் இயங்கும் நிரலிகளை எல்லாம், "மேடையில் உள்ளவற்றை யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்கும். எல்லாம் கையை விட்ட பிறகே மேடையின் விளக்கு பச்சைக்கு மாறும். அதன்பின் நெம்புகோலை இழுத்துக் கணினியைத் தூக்கலாம். ஏதேனும் ஒரு நிரலி விடாப்பிடியாக இருந்தால், "இப்பொழுது பிரிக்க இயலாது" என்ற அறிவிப்பு வரும். எந்த நிரலி என்று மட்டும் பெரும்பாலும் சொல்லாது! அதை நாம்தான் தேட வேண்டும்.

அவ்வாண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பணி கொடுத்திருந்தேன். பள்ளியில் இருந்த ஒரே ஒலிப்பதிவுக் கருவியை ஆளுக்கு ஒருநாள் வீட்டிற்கு எடுத்துச் சென்று, தாத்தா பாட்டியின் தோட்ட வாழ்க்கையைப் பதிவு செய்துவர வேண்டும். மறுநாள் காலையில் நான் அதை வன்தட்டிற்கு மாற்றிவிட்டுக் கருவியை அழித்து, அடுத்த மாணவரிடம் தருவேன். நவம்பரில் ஒருநாள், மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் குரலைக் கொண்டுவந்தாள். ஒலித்தொகுப்பு நிரலியில் போட்டு, வன்தட்டில் சேமிக்கக் கட்டளை கொடுத்தேன். மணி அடித்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன், பிரிக்க இயலாது என்றது. இன்னொரு முறை அழுத்தினேன். அதே பதில். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நெம்புகோலை இழுத்துத் தூக்கிக்கொண்டு வகுப்பிற்கு ஓடினேன். கருவியையும் அழித்து அடுத்த மாணவனிடம் கொடுத்தாயிற்று.

அந்தத் தாத்தா டிசம்பர் விடுமுறையில் காலமானார். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மாணவியின் தாயார் வந்து, "ஐயா, அப்பா பேசினதை ஒரு சிடியில போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். அன்றுதான் வன்தட்டைத் திறந்து தேடினேன். நிரலி எழுதி முடிக்கும் முன்பே நான் பிடுங்கிவிட்டிருக்கிறேன். மாணவரின் கவனக்குறைவைக் கண்டிக்கிற தகுதி எனக்கு அன்று போயிற்று. உள்ளதை உள்ளபடி சொன்னேன். "பரவாயில்லைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

2008 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர் சந்திப்பு. அந்த ஆண்டுப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்துக் கணினியில் தொகுத்திருந்தேன். மூலப் பதிவுகள் எல்லாம் மேடையோடு இணைந்த வன்தட்டில் இருந்தன. எட்டரை மணிக்கு மண்டபத்தில் ஒளிவீச்சியும் ஒலிபெருக்கியும் தயார். ஆசிரியர் அறையில் பொத்தானை அழுத்தினேன். பிரிக்க இயலாது.

"இழுங்க ஐயா, எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் சக ஆசிரியர். கை நெம்புகோல் வரை போய்த் திரும்பியது. மண்டபத்திற்குச் சென்று, "கணினியில் கோளாறு, சற்றுப் பொறுத்தருள்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். திறந்திருந்த கோப்புகளையும், வன்தட்டின் உள்ளடக்கத்தைக் காட்டிய சாளரங்களையும் மூடினேன். ஒலித்தொகுப்பு நிரலியை முறையாக மூடினேன். மீண்டும் அழுத்தியும் பயனில்லை. பிறகுதான், திரையின் கீழ்மூலையில் நச்சுநிரல் தடுப்பியின் சின்னம் அசைந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு எல்லா வட்டுகளையும் சோதிக்குமாறு அதற்குக் கட்டளையிட்டவன் நானே! அதை நிறுத்தியதும் விளக்கு பச்சையானது.

நெம்புகோலை இழுத்தேன். அசையவில்லை.

இனி என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவனின் தந்தை எட்டிப் பார்த்தார். கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்பவர். மேடையைச் சுற்றிக் குனிந்து பார்த்தவர், "ஐயா, கீழ பூட்டு இருக்கு பாருங்க" என்றார். பக்கவாட்டில் ஒரு சிறிய சாவித்துளை. முந்தைய மாதம் பள்ளியில் ஒலிபெருக்கி ஒன்று களவு போனதால், அலுவலக எழுத்தர் எச்சரிக்கையாக மேடையையும் பூட்டிவைத்திருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். சாவி அவருடைய மேசை இழுப்பறையில் கிடைத்தது.

"கொள்கலன் லாரியில நாலு மூலையிலயும் முறுக்குப் பூட்டு இருக்கும் ஐயா. அதைத் திருப்பாம கிரேன் தூக்கினா, லாரியும் சேர்ந்து மேல வரும்" என்று படியிறங்கும்போது அவர் சொன்னார். அன்று நான் பலம் கொண்டமட்டும் இழுத்திருந்தால் எது உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனையும் செய்து, பிடித்திருப்பது எது என்று தெரியாவிட்டால், கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு எடுப்பதே வழி. உறக்க நிலையில் வைத்து எடுக்காதீர்கள். அப்போதும் கோப்புகள் திறந்தபடிதான் இருக்கும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014இல் நின்றுவிட்டது. இப்பொழுது பல மேடைகள் ஒரே கம்பியில் இணைகின்றன, நெம்புகோலும் இல்லை, பூட்டும் இல்லை. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பிலிருந்து, வெளி வட்டுகளை உடனே கழற்றுவதற்கு ஏற்ற அமைப்பே இயல்பாக வைக்கப்பட்டுள்ளது. ஆனாலும் கோப்பு எழுதப்படும் நேரத்தில் பிடுங்கினால் இழப்பு இழப்புதான். முன்பாவது மேடை தடுத்தது. கம்பி தடுப்பதில்லை.

அன்று ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனதை ஒரு பாட்டி சொல்லத் தொடங்கியபோது, கைக்குழந்தைகளைத் தவிர மண்டபத்தில் எவரும் ஒலி எழுப்பவில்லை. அந்தத் தாயாரும் வந்திருந்தார். அவருடைய இளைய மகன் அவ்வாண்டு என் வகுப்பில் படித்தான். மற்றவர்களின் தாத்தா பாட்டிகள் பேசியதைக் கடைசி வரை கேட்டுவிட்டு, நாற்காலிகளை மடக்கி அடுக்குவதற்கும் உதவிவிட்டுத்தான் வீட்டிற்குப் போனார்.

அந்த வன்தட்டு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. இணைத்துப் பார்த்தால், மாணவியின் பெயரில் நான் வைத்த கோப்பு பட்டியலில் தெரிகிறது. அளவு மட்டும் 0 என்று காட்டுகிறது.